மரவள்ளிக் கந்தூரி

செய்தி வந்தது லுஹர் பாங்குக்குச் சற்று முன்னால். ஹவ்வா வேலியோரமாகச் சோற்றுக்கு மணம் சேர்க்கும் றம்பை இலை வெட்டிக்கொண்டிருந்தாள். சந்தியில் மாத்தளை பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டதும், இலையை ஓலைப்பெட்டியில் போட்டுவிட்டு, கேத்தலை அடுப்பில் வைக்கலாம் என்று எழுந்தாள். ஏலக்காயும் கறுவாவும் நெய்யும் வாங்கக் காலையில் டவுனுக்குப் போன அவள் புருஷன் யஹ்யா அந்த பஸ்ஸில்தான் வரவேண்டும்.

ஒழுங்கையில் ஏறி வந்தவன் பஸ் கொண்டக்டர் றஹீம். கையில் யஹ்யாவின் பை. பஸ்ஸைச் சந்தியில் நிறுத்திவிட்டு ஒரு கொண்டக்டர் வீடு தேடி வருகிறான் என்றால், அவன் வாயைத் திறக்க முன்னமே பாதி விளங்கிவிடும்.

"ராத்தா, கொஞ்சம் குந்துங்க."

"என்னத்துக்குக் குந்தச் செல்றீங்க? அவர் எங்க?"

"சாமானெல்லாம் வாங்கிட்டார், ராத்தா. பஸ்ஸுக்கு வந்து நின்னவர்தான். என்னோட சிரிச்சுப் பேசினார். இந்த வருஷம் என் கைச் சோறு தின்ன வாடா எண்டார். பொறகு நெஞ்சப் புடிச்சிட்டு அப்படியே குந்தினார். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போக முந்தியே..."

 ஹவ்வா பையை வாங்கிக்கொண்டாள். ஏலக்காய் மணம் குப்பென்று எழுந்தது. அவருடைய மையித்து வீட்டுக்கு வந்து சேரும்வரை அவள் அந்தப் பையை மடியை விட்டு இறக்கவேயில்லை என்று பின்னால் சொன்னார்கள். அவளுக்கு அது ஞாபகமில்லை.

யஹ்யாவுக்கு உலகத்தில் ஒரே ஓர் ஆசைதான் மிச்சமிருந்தது. அது ஊருக்கே தெரியும். சாவதற்குள் இன்னொரு தடவை பள்ளிவாசலின் பெரிய செம்புக் கிடாரத்தை அடுப்பில் ஏற்றிக் கந்தூரிச் சோறு ஆக்கவேண்டும். வருஷக்கணக்காக அந்த ஆசையை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலிருந்த விதத்திலேயே எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று.

மாத்தளையிலிருந்து யட்டவத்தைக்குப் போகும் வழியில், மேலே மிளகுக் கொடியும் கீழே வயலுமாகக் கிடக்கிறது அந்த ஊர். யஹ்யாவுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் மிளகு, இரண்டு கித்துள் மரம். வயிற்றுப்பாட்டுக்கு அது. மற்றப்படி அவர் சமையற்காரர். கல்யாணம், கத்னா, நாற்பதாம் கத்தம், எதற்கும் அவர்தான். ஆள் குள்ளம். முழங்கைக்குக் கீழே மயிரே இல்லை, அடுப்பு தின்றுவிட்டது. இரண்டு பேருக்குச் சமைக்கச் சொன்னால் மனிதர் தடுமாறிப் போவார். பிள்ளையில்லாத வீடு அது. ஹவ்வாவுக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் அவர் ஆக்கும் சோறு அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போகும்.

"உங்களுக்குக் கண்ணளவு எண்டா ஊரளவுதானா?" என்பாள் ஹவ்வா.

"ஊரும் ஒரு ஊடுதானே," என்பார்.

றபீயுல் ஆகிர் மாதக் கந்தூரிதான் அவருக்கு வருஷத்தின் தலைநாள். அந்தக் கந்தூரிக்கு அரிசி வாங்குவதில்லை. ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் பெண்கள் உலையில் அரிசி போடும்போது ஒரு கைப்பிடியைத் திருப்பி எடுத்து ஒரு முட்டியில் போட்டு வைப்பார்கள். பிடியரிசி என்று பெயர். கந்தூரிக்கு முந்தின நாள் பள்ளிவாசலின் பின்புறம் ஒரு பெரிய மரப்பெட்டியைத் திறந்து வைப்பார்கள். அஸருக்குப் பிறகு பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து தங்கள் பிடியரிசியைக் கொட்டிவிட்டுப் போவார்கள். அந்த நேரத்தில் பெட்டிக்குப் பக்கத்தில் யாரும் நிற்கக்கூடாது. யார் எவ்வளவு கொண்டுவந்தார், நெல்லூர் சம்பாவா கூப்பன் அரிசியா என்று யாரும் பார்க்கக்கூடாது. பெட்டிக்குள் விழுந்த அரிசிக்கு வீடு கிடையாது. அது யாருடையது என்று கேட்பதே பாவம் என்று வைத்திருந்தார்கள். மறுநாள் ஆறு பேர் ஒரு சஹனைச் சுற்றிக் குந்தி, ஒரே தட்டிலிருந்து அள்ளிச் சாப்பிடும்போது, ஹாஜியார் வீட்டுச் சோறும் கூலிக்காரி வீட்டுச் சோறும் ஒரே பிடியில் வாய்க்குள் போகும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் வயல்களுக்குப் புது விதைநெல் வந்தது. கூடவே பூச்சி எண்ணெயும் வந்தது. கதிரில் பால் பிடிக்கும் நேரத்தில் அதை உறிஞ்சும் பூச்சிக்கு அடிப்பது. போத்தலில் மண்டையோட்டுப் படம் இருந்ததாம், யார் பார்த்தார்கள்? தண்ணீரில் எவ்வளவு கலப்பது என்று கேட்டால், "அரைச் சுண்டு" என்பார்கள். சுண்டு என்பது பால்டின்தான். அரிசி அளப்பதும் அதில்தான், பருப்பு அளப்பதும் அதில்தான். எண்ணெய் வந்ததும் அதையும் அதில்தான் அளந்தார்கள். வேறு அளவு அவர்களுக்குத் தெரியாது.

அந்த வருஷம் கந்தூரியன்று சுபஹுத் தொழுதுவிட்டு யஹ்யா பெட்டியைத் திறந்து அரிசியை மூட்டைகளில் அள்ளினார். ஐந்து மூட்டை வந்தது. கடைசி மூட்டையைக் கழுவுவதற்காகப் பாயில் சரித்தபோது, அரிசிக்குள்ளிருந்து ஒரு பால்டின் உருண்டு வந்தது. கொட்டும் அவசரத்தில் யாரோ டின்னோடு போட்டிருக்கிறார்கள். எடுத்தார். விளிம்பின் உள்மடிப்பில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. அதில் நாலைந்து அரிசி பிடித்துக்கொண்டிருந்தது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். அழுகிய வெள்ளைப்பூண்டின் மணம். வயல் வரம்பில் எண்ணெய் அடித்த நாட்களில் காற்றில் வரும் அதே மணம்.

டின்னை இன்னொரு தடவை மணந்தார். ஒன்றும் வரவில்லை.

அவர் அடுப்பில் நெருப்பு வைக்கச் சொல்லவில்லை. தகவல் போய், பள்ளிவாசல் டிரஸ்டி அப்துல் ஸமத் ஹாஜியார் வந்தார். ஊரில் பெரிய வயல்காரர். அவருக்குப் பின்னால் ஊர்ப் பாதி வந்தது.

"என்ன யஹ்யா, அரிசியெல்லாம் மண்ணுக்குள்ள கொட்டப் போறீங்களாமே? நேர்ச்ச அரிசி இது!"

"மணந்து பாருங்க, ஹாஜியார்."

ஹாஜியார் டின்னை மணந்தார். "வெள்ளப்பூடு மணக்குது. அந்தா பொம்புளைகள் கூடை கூடையா உரிச்சிட்டிருக்காங்க. உங்கட மூக்கு அங்க போய்த்திருக்கும்."

கூட்டம் சிரித்தது. யாரோ கேட்டான்: "அப்ப இந்தச் சுண்டு யாருட?"

சிரிப்பு நின்றுவிட்டது. பெண்கள் பூண்டு உரிப்பதை நிறுத்தினார்கள்.

"அது கேக்கக் கூடாது," என்றார் யஹ்யா.

"சரி, கேக்கல்ல. ஒரு டின்னுல என்னமோ ஒட்டியிருக்கு எண்டு அஞ்சு மூட்டையக் கொட்டுறதா? அதுல பட்ட ஒரு கைப்பிடிய எடுத்து எறிஞ்சாப் போதாதா?"

"எந்தக் கைப்பிடி, ஹாஜியார்? காட்டுங்க, எறியிறேன்."

ஹாஜியாருக்கு முகம் கறுத்தது. ஒருவன் கோழிக்குப் போட்டுப் பார்க்கலாமே என்றான். அது எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. மூட்டையின் மேலிருந்து ஒரு பிடி எடுத்துச் சேவலுக்கு எறிந்தார்கள். சேவல் தின்றது, சிறகடித்தது, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூவியும் காட்டியது.

"பாருங்க, பாத்திஹா ஓதுது!" என்றான் ஒருவன்.

"அது தின்னது மேல கிடந்த அரிசி," என்றார் யஹ்யா. அவருடைய குரல் சின்னதாகத்தான் இருந்தது. ஆனால் கிடாரத்துக்கு முன்னால் நின்ற இடத்தைவிட்டு அவர் நகரவில்லை. "நான் ஆக்க மாட்டேன். வேற யாரும் ஆக்குறதெண்டா, முதல் சஹன்ல என்னக் குந்த வச்சு, நான் தின்ன பொறகு மத்தவங்களுக்குக் குடுங்க."

அந்தப் பேச்சுக்குப் பிறகு யாரும் அரிசியில் கை வைக்கத் துணியவில்லை. அவரே மண்வெட்டி எடுத்துக் குழி வெட்டினார். ஐந்து மூட்டையையும் கொட்டினார். மேலே சாம்பல், அதற்கு மேலே கல்.

மாத்தளையிலிருந்தும் உக்குவளையிலிருந்தும் விருந்தாளிகள் வரும் நேரமாகிக்கொண்டிருந்தது. யஹ்யா தோட்டம் தோட்டமாக ஓடி மரவள்ளி கிண்டினார். கிழங்கை மூடாமல் அவிக்கவேண்டும் என்று பக்கத்திலேயே நின்றார். மரவள்ளியோடு இஞ்சி சேரக்கூடாது. அதனால் இறைச்சிக் குழம்பான ஆணத்துக்கு அரைத்து வைத்த இஞ்சியையும் போடவிடவில்லை. நெய்ச்சோற்றுக்கு வந்தவர்களுக்கு அவித்த கிழங்கும் இஞ்சியில்லாத ஆணமும். சஹனைச் சுற்றிக் குந்தியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உக்குவளைக்காரர் ஒருவர் எழும்பும்போது, "மாஷா அல்லாஹ், நல்ல மரவள்ளிக் கந்தூரி!" என்றார். அந்தப் பெயர் நின்றுவிட்டது. யஹ்யா அன்றிலிருந்து மரவள்ளி யஹ்யா.

ஒரு கிழமை கழித்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மகாலிங்கம் மோட்டார் சைக்கிளில் வந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், மாத்தளையில் வேலை. குழியைத் தோண்டி ஒரு போத்தல் அரிசி எடுத்தார். டின்னையும் கடதாசியில் சுற்றிக்கொண்டார். கொழும்புக்கு அனுப்பிப் பதில் வரும் என்றார். அந்தப் பதிலுக்காக யஹ்யா காத்திருந்த காத்திருப்பை ஹவ்வா இன்னொரு மனிதரிடத்தில் கண்டதில்லை. மோட்டார் சைக்கிள் சத்தம் எங்கே கேட்டாலும் மிளகுக் கொடியிலிருந்து இறங்கிவிடுவார்.

மகாலிங்கம் மறுபடி வந்தபோது மழைக்காலம் பிறந்திருந்தது. ஹவ்வா தேத்தண்ணியும் கித்துள் கருப்பட்டியும் வைத்தாள்.

"கொழும்பிலயிருந்து பதில் வந்திட்டுது, யஹ்யா. ஒண்டும் நிச்சயமாச் சொல்லேலாதாம். அரிசி மண்ணுக்குள்ள கிடந்து ஊறிப்போச்சு. டின்னில இருந்தது சோதிக்கக் காணாதாம், அவ்வளவு கொஞ்சமாம்."

"அப்ப நான் செஞ்சது பிழையா, ஐயா?"

மகாலிங்கம் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு யோசித்தார். "ஐஞ்சு மூட்டைக்குள்ளயும் சமனாப் பரவியிருந்தா ஒருத்தருக்கும் ஒண்டும் வந்திராது. ஆனா நஞ்சு கணக்குப் பாத்துப் பரவுறேல்லை. டின்னைச் சுத்தியிருந்த அரிசி எல்லாம் ஒரு சஹனுக்குள்ள விழுந்திருந்தா? ஆறு பேர். அதுக்குள்ள ரெண்டு பேர் சின்னப் பிள்ளையள் எண்டு வையுங்கோ."

"அத நீங்க ஊர்ல செல்லுவீங்களா?"

"சொல்லுவன். நானெண்டாலும் கொட்டியிருப்பன் எண்டும் சொல்லுவன். எழுதித் தரமாட்டன். எழுத என்னட்டச் சாட்சி இல்லை." எழும்பும்போது மெல்லச் சொன்னார்: "உங்களுக்குச் சாட்சி வேணுமெண்டா ஆராவது செத்திருக்க வேணும், யஹ்யா. அதைத்தானே நீங்கள் நடக்க விடேல்லை."

அவர் பள்ளிவாசலிலும் அப்படியே சொல்லிவிட்டுத்தான் போனார். ஊர் அதில் பாதியை மட்டும் கேட்டது. கொழும்பே ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டதாம் என்று பேசிக்கொண்டார்கள். அடுத்த கந்தூரிக்கு டவுனிலிருந்து வேறொரு சமையற்காரர் தன்னுடைய அலுமினியப் பாத்திரங்களோடு வந்தார். பள்ளிவாசலின் செம்புக் கிடாரத்தைக் கவிழ்த்துப் பின்கட்டில் வைத்துவிட்டார்கள்.

அதற்குள் இன்னொன்று நடந்திருந்தது. மிளகு பறிக்கும் காலத்தில் ஒரு நாள் பீலியடியில் ஹவ்வா துணி கழுவிக்கொண்டிருந்தபோது, அப்துல் ஸமத் ஹாஜியாரின் மனைவி கைறுன்னிஸா தனியே வந்தாள். வீட்டில் வேலைக்காரர் இருக்க அவள் பீலிக்கு வருவதே அபூர்வம். வந்தவள் கல்லில் குந்தி அழத் தொடங்கினாள்.

"ஹவ்வா, அது எங்கட சுண்டு."

வயல் கூலியாள் அரிசி அறையிலிருந்து சுண்டை எடுத்துப் போய் எண்ணெய் அளந்திருக்கிறான். வேலை முடிந்ததும் வாய்க்காலில் நன்றாக அலசி, இருந்த இடத்திலேயே கவிழ்த்து வைத்திருக்கிறான். நல்ல ஆள், எடுத்ததை இடத்தில் வைத்தான். அவளும் பளபளவென்று கழுவியிருந்த டின்னைப் பார்த்துப் பிடியரிசி அள்ளியிருக்கிறாள். பெட்டிக்குள் அது நழுவியதும் அவளுக்குத் தெரியும். குனிந்து தேடினால் பின்னால் வருகிறவள் பார்ப்பாளே என்று விட்டுவிட்டு வந்தாள். கூலியாளை விசாரித்தது பிறகுதான்.

"அவருக்குத் தெரிஞ்சா..." என்றாள். 

ஹவ்வா ஈரத் துணியோடு வீட்டுக்கு ஓடினாள். யஹ்யா முற்றத்தில் மிளகு உதிர்த்துக்கொண்டிருந்தார். அவள் சொல்லச் சொல்ல அவருடைய கை நின்றது. முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ஹவ்வா அதைக் கண்டாள். அப்படியே அது மெல்ல உள்ளே போனதையும் கண்டாள். அவர் மறுபடி மிளகு உதிர்க்கத் தொடங்கினார்.

"செல்ல வேணாம்," என்றார்.

"ஊரெல்லாம் உங்கள மரவள்ளி மரவள்ளிங்குது!"

"மரவள்ளி நல்ல சாமான்தானே."

"வெளயாடாதீங்க. அந்த ஹாஜியார்தானே உங்களக் கேவலப்படுத்தினது? அவர் ஊட்டுச் சுண்டு!"

"பெட்டிக்குள்ள விழுந்தா அது யாரு ஊட்டுதும் இல்ல. இன்னைக்கு நான் ஒரு ஊட்டச் சென்னா, வாற வருஷம் எந்தப் பொம்புளயும் பயமில்லாம பெட்டிக்கிட்ட வரமாட்டா. கொறையா வச்சிருக்கிறவ முதல்ல வரமாட்டா." வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "எனக்கு ஒரு தடவதான் மணந்திச்சு, புள்ள. ரெண்டாந் தடவ மணக்கல்ல. அது மூக்கா மனசா எண்டு இவ்வளவு நாளாத் தெரியாம இருந்தேன். இப்பத் தெரிஞ்சிட்டுது. காணும்."

காணாது, போதவே போதாது என்பது இருவருக்கும் தெரியும்.

வருஷங்கள் போயின. கந்தூரியன்று யஹ்யா வெள்ளைச் சாறமும் தொப்பியுமாக விருந்தாளி போலப் போவார். கடைசி வரிசைச் சஹனில் குந்துவார். முதல் பிடியை வாயில் வைத்துக்கொண்டு நெடுநேரம் அசைக்காமல் இருப்பார். வீட்டுக்கு வந்ததும் ஹவ்வா கேட்பாள்:

"எப்படி?"

"உப்பு சரி. ஏலம் கூட. நெய்ய நேரத்தோட ஊத்திட்டான், பாவம்." பிறகு கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நாட்களில் அவர் முழங்கையில் மயிர் முளைக்கத் தொடங்கியிருந்தது. ஹவ்வா அதைக் கண்டும் காணாததுபோல் இருந்தாள். அந்தக் கையில் பழைய சூட்டு அடையாளத்தைப் பார்ப்பதற்காக எதையும் தந்திருப்பாள்.

இந்த வருஷம் பிறை கண்ட கையோடு அப்துல் ஸமத் ஹாஜியார் வந்தார். ஊன்றுகோலோடு ஒழுங்கை ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை, முற்றத்திலேயே நின்றார்.

"ஊட்ல செல்றாங்க, இந்த வருஷம் நீங்கதான் ஆக்கணுமாம்."

 ஹவ்வா கதவுக்குப் பின்னால் நின்று இன்னொரு வாக்கியத்துக்காகக் காத்திருந்தாள். ஒன்றே ஒன்று. ஹாஜியார் ஊன்றுகோலால் மண்ணைக் கீறினார். கைறுன்னிஸா அவரிடம் என்ன சொன்னாளோ, எவ்வளவு சொன்னாளோ, அது அந்த வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டது. கடைசியில் அவர் யஹ்யாவின் தோளில் கையை வைத்தார்.

"மரவள்ளி வேணாம், என்ன?"

"இஞ்சி போட விடுவீங்க எண்டா வேணாம்," என்றார் யஹ்யா.

இரண்டு கிழவர்களும் சிரித்தார்கள். ஹாஜியார் போன பிறகு ஹவ்வா, "ஏன் எண்டு ஒரு சொல்லுக் கேக்கல்லயே நீங்க!" என்று சண்டைக்கு வந்தாள். அவருக்கு அவள் பேச்சு காதில் விழவில்லை. எத்தனை தேங்காய், எத்தனை கட்டு விறகு என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். அன்று அவர் ஆக்கிய சோறு பத்து வீட்டுக்குப் போயிற்று.

நாலு பேர் செம்புக் கிடாரத்தை உருட்டிக்கொண்டுவந்து வீட்டுப் பின்வாசலில் சாய்த்தார்கள். இத்தனை வருஷம் கவிழ்ந்து கிடந்ததில் உள்ளேயெல்லாம் பச்சைக் களிம்பு. ஈயம் பூசுகிறவர் வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்கு முன் பழப்புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் களிம்பை எடுக்கவேண்டும். கொஞ்சம் மிஞ்சினாலும் சோற்றில் இறங்கும் என்று அவர் அந்த வேலையை யாரிடமும் கொடுக்கவில்லை. கிடாரத்துக்குள்ளே ஏறிக் குந்திக்கொண்டு தேங்காய்த் தும்பால் தேய்த்தார். உள்ளேயிருந்து அவர் பேசினால் குரல் இரண்டு மடங்காகக் கேட்டது. ஹவ்வா பைத்தியக்கார மனிசன் என்று சிரித்தாள். மறுநாள் காலையும் உள்ளே இறங்கித் தேய்த்தவர், டவுன் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கையைக் கழுவிக்கொண்டு புறப்பட்டார்.

கந்தூரி நின்றுபோகவில்லை, டவுன் சமையற்காரரே வந்து ஆக்கினார். யஹ்யா வாங்கிய ஏலக்காயையும் கறுவாவையும் நெய்யையும் ஹவ்வா றஹீமின் கையில் கொடுத்தனுப்பினாள். அவள் இத்தா இருக்கிறாள்; கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்தி வீட்டுக்குள். பள்ளிவாசல் பக்கமிருந்து ஸலவாத்துச் சத்தம் வந்தது. பிறகு நெய்ச்சோற்று மணம் வந்தது. கைறுன்னிஸா தன் கையாலேயே ஒரு தட்டுச் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு, பக்கத்தில் குந்தியிருந்தாள். ஹவ்வா ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தாள். ஏலம் கூடவா குறையவா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. கேட்பதற்கு ஆள் இல்லை.

பின்கதவைத் திறந்தால் கிடாரம் தெரிகிறது. அதன் உட்புறத்தில் ஒரு பாதி செம்பு சிவக்கத் தேய்ந்திருக்கிறது. மறுபாதியில், அடியிலிருந்து விளிம்புவரை, களிம்பு இன்னும் எடுக்கப்படவில்லை.